வெற்றிலைப் பெட்டியில் கிடந்த வெள்ளிக் காசு

வாணி: [படம்] பெரிய மாமா, அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் இது கிடந்தது. விரல் நகத்தளவுதான் இருக்கிறது. ஒரு பக்கம் ராணி தலை. மறுபக்கம் கிரீடம், 1½ என்ற எண், 1838. எந்த நாட்டுக் காசு?

கபிலன்: இந்தியக் காசாக இருக்கும். விக்டோரியா ராணிதானே.

பெரிய மாமா: இல்லை கபிலன். இது ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக் காசு. லண்டனில் அடித்து இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். இங்கிலாந்துக்குள் புழங்க அடித்ததல்ல. எங்கே கிடைத்தாலும் பத்திரமாக வைக்க வேண்டிய சாமான்.

சித்தி: ஒன்றரைப் பென்ஸுக்கு என்று ஏன் அண்ணா தனியாக ஒரு காசு? கணக்கே குழம்புமே.

பெரிய மாமா: இங்கிலாந்துக் கணக்கில் பார்த்தால் குழப்பம்தான். ஆனால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் இங்கே இலங்கையில் கணக்கு இறைசால் என்ற நாணயத்தில் நடந்தது, அதாவது றிக்ஸ்டொலர். ‘பணம்’ என்பதும் அப்போது ஒரு நாணய அலகின் பெயர்: ஒரு இறைசாலுக்கு 12 பணம், ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர். 1796இல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயரும் அந்தக் கணக்கிலேயே போனார்கள். 1803இலிருந்து அவர்கள் அடித்த வெள்ளிக் காசில் 24, 48, 96 என்ற எண்களைக் காணலாம். எல்லாம் ஸ்டைவர் கணக்கு. மறுபக்கம் யானை.

கபிலன்: யானையா? படம் இருந்தால் போடுங்கோ மாமா.

பெரிய மாமா: பின்னேரம் போடுகிறேன். 1821இல் வந்த இறைசால் இன்னும் வடிவு. நாலாம் ஜோர்ஜ் தலை ஒரு பக்கம், இலை வளையத்துக்குள் யானை மறுபக்கம். இலங்கைக்கென்று அடித்த காசுகளில் அதற்கு நிகராக எதையும் நான் சொல்லமாட்டேன்.

வாணி: சரி, ஒன்றரைப் பென்ஸ் எங்கேயிருந்து வந்தது?

பெரிய மாமா: 1825இல் பவுண், ஷில்லிங் கணக்கு வந்தது. ஒரு இறைசால் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று வைத்தார்கள். ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். இனி நீயே வகுத்துப் பார்.

வாணி: 18 பென்ஸ், 12 பணம்… அப்படியென்றால் ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ்!

பெரிய மாமா: ஓம் பிள்ளை! தலை ராணியுடையது, பெறுமதி பழைய பணத்தினுடையது. ஒரு பணம் என்று விலை பேசிப் பழகியவர் இந்தக் காசை அப்படியே நீட்டலாம். செம்பிலும் பார். 1828இல் இலங்கைக்காக அரை ஃபார்த்திங் அடித்தார்கள். ஃபார்த்திங் என்றால் கால் பென்ஸ். மூன்று அரை ஃபார்த்திங் சேர்ந்தால் சரியாக ஒரு ஸ்டைவர்.

கபிலன்: கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

சித்தி: அப்புறம் இதெல்லாம் எப்போது போனது?

பெரிய மாமா: 1872இல் ரூபாயும் சதமும் வந்தபோது.

சித்தி: வாணி, பழப்புளி போட்டு மினுக்கி எடு. கறுத்துப்போய்க் கிடக்கிறது.

பெரிய மாமா: ஐயோ தங்கச்சி, வேண்டாம்! ஒரு கிராம்கூட இல்லாத காசு. தேய்த்தால் ராணியின் தலைமயிர்க் கோடெல்லாம் அழிந்துவிடும். அந்தக் கறுப்பு வெள்ளிக்கு இயல்பானது. வாணி, ஓரத்தில் பிடித்துத் தூக்கு. கடதாசி உறையில் போட்டு வை.

வாணி: சரி மாமா. எல்லாவற்றிலும் ராணி தலைதானா?

பெரிய மாமா: இல்லை. 1834இலிருந்து 1837 வரை நாலாம் வில்லியம். பெட்டியின் மூலையையும் ஒருக்கால் பார்த்துவிடு.