மாமாவும் ஆறாம் மாடிக் கயிறும்

மாமா: நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 30 வருஷச் சுருட்டு, இருமல்கூட இல்லை. போன தீமிதியில் பூக்குழி இறங்கினேன். இனி யாரும் சுருட்டை விடு என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

அத்தை: நேற்று ராத்திரியிலிருந்து இதே பாட்டுதான்.

நான்: சந்தோஷம் மாமா. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆறு மாடியும் ஏறி வந்து டீ குடித்துவிட்டுத்தானே போவீர்கள், இப்போது கீழேயே நின்று மணியை ஆட்டி, எங்கள் மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் மீன் பையை மாட்டிவிட்டு "இழுத்துக்கொள்" என்று கிளம்பிவிடுகிறீர்கள், இது எத்தனை மாதமாக?

மாமா: நேரமில்லை அம்மா. வயசும் 60 ஆகிறது.

அம்மா: தம்பி, உனக்கு மூத்தவள் நான் தினமும் இரண்டு தடவை ஏறுகிறேன்.

நான்: அதுதான் மாமா எனக்குப் பயம். நுரையீரல் வலித்துக் காட்டாது, தேவைக்கு மேலேயே அதில் இடமும் இருக்கிறது, அதனால் உள்ளே சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் வருஷக்கணக்கில் கெட்டுக்கொண்டே போனாலும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, நாமும் நம்மை அறியாமல் படியை விட்டு, நடையைக் குறைத்து, அதற்கு வயசு என்று பேர் வைத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் இது ஆரம்பத்தில் பிடிபடாது. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். முழு மூச்சையும் ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

மோல்மேன் (பர்மாவில் ஒரு ஊர்) அண்ணன்: மாமா ஒரு நாளைக்கு நாலுதானே பிடிக்கிறார்? புகையை உள்ளேயும் இழுப்பதில்லை.

நான்: உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரலாம் அண்ணா. குறைவாகப் பிடித்தால் இதயம் தப்பிக்கும் என்பதும் இல்லை. 2018ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர்களுக்கே, 20 பிடிப்பவர்களுக்குக் கூடுதலாக வரும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருந்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதும் சத்தமில்லாமல்தான் நடக்கும், சிலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான்.

அத்தை: சுருட்டை விட்டால் வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடுவேன் என்கிறார்.

நான்: அத்தை, அதுவும் வாய்ப் புற்றுநோயில்தான் கொண்டுபோய் விடும், வேண்டவே வேண்டாம்.

மாமா: இத்தனை வருஷம் பிடித்தாகிவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது?

நான்: பிரிட்டனில் டாக்டர்களையே 1951 முதல் 50 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட சராசரியாக 3 வருஷ ஆயுள் கூடியிருந்தது. 3 வருஷம் என்றால் சின்னவன் பள்ளிக்கூடம் முடிப்பதைப் பார்க்கலாம் மாமா.

(ரொம்ப நேரம் பதில் இல்லை.)

மாமா: அந்த ஊதும் இடம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

நான்: சனிக்கிழமை 9 மணிக்கு. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், அன்று காலைச் சுருட்டும் வேண்டாம். நான் கீழே வந்து நிற்கிறேன்.