மழைத் தண்ணீருக்குப் பிறகு ஏர்பேக் விளக்கு அணையவில்லை: சென்சாரா, ஒயரா?

முத்து_கோவை

2019 மாடல் செடான், 6 ஏர்பேக். தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓடிய மறுநாளிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனரில் ஒரே கோடு (கோளாறு எண்): வலது முன் இம்பாக்ட் சென்சார் (மோதலை உணர்வது), தொடர்பு இல்லை. அழித்தாலும் சாவி போட்ட சில நொடியில் திரும்ப வருகிறது. பேட்டரி 12.6 வோல்ட். சென்சாரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பார்த்தேன். ஒரு பக்கம் ஓப்பன் (இணைப்பே இல்லை), மீட்டர் முனையை மாற்றி வைத்தால் ஏதோ கிலோ ஓம். சென்சார் போய்விட்டது என்று புதிது வாங்கலாமா?

ஆட்டோஎலக்ட்ரீஷியன்

அவசரப்படாதீர்கள். அந்த ரீடிங்கை வைத்து சென்சார் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. 90-களின் கார்களில் உள்ளே ஒரு குண்டோ உருளையோ நகர்ந்து தொடுகிற சுவிட்ச் இருந்தது, கூடவே ஒரு ரெசிஸ்டர். அதை ஓமில் பார்ப்பதில் அர்த்தம் இருந்தது. இப்போது உள்ளே இருப்பது சிப். இரண்டே ஒயர், சப்ளை போவதும் அதில்தான், தகவல் வருவதும் அதில்தான். பிஎஸ்ஐ5 என்ற தகவல் முறையில் சென்சார் தான் இழுக்கும் கரண்டைச் சுமார் 26 மில்லியாம்பியர் ஏற்றி இறக்கி ஈசியூவிடம் (ஏர்பேக்கை இயக்கும் கணினிப் பெட்டி) பேசுகிறது. ஒயரில் கசிவு இருந்தால் அந்தப் பேச்சு குழம்பலாம். தண்ணீருக்குப் பிறகு வந்த கோடு என்பதால் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டரும் ஒயரும்.

சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 3 நிமிடம் பொறுங்கள். உங்கள் கார் மேனுவல் அதைவிட அதிக நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. மோதலில் பேட்டரி ஒயர் அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்றுதான் ஈசியூவுக்குள் கரண்டைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். அது வடியாமல் எதையும் தொடக் கூடாது. பிறகு ஏர்பேக், சீட் பெல்ட் பிரிடென்ஷனர் (மோதலில் பெல்ட்டை இறுக்குவது) கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, கடைசியில் சென்டர் கன்சோலுக்கு அடியில் உள்ள ஈசியூ கனெக்டரை எடுங்கள்.

இரு முனையும் கழன்ற நிலையில் சென்சார் ஒயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முனைக்கு முனை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலும், ஒவ்வொன்றிலிருந்து பாடி எர்த்துக்கும் ஓப்பன் காட்ட வேண்டும். இதை பீப் சத்தத்தில் பார்க்காதீர்கள், மெகா ஓம் ரேஞ்சில் பாருங்கள். ஈரக் கசிவு கிலோ ஓம் அளவில் இருக்கும், பீப் அடிக்காது. பார்க்கும்போதே பம்பர் பக்கம் ஹார்னெஸை (ஒயர்க் கட்டை) அசைத்துக்கொண்டிருங்கள். மீட்டர் ஊசியைப் பெண் டெர்மினலுக்குள் (பின் நுழையும் துளை) திணிக்க வேண்டாம். அது விரிந்தால், இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

முத்து_கோவை

நன்றி அண்ணா. ஒரு ஒயரிலிருந்து பாடிக்கு 4 கிலோ ஓம் காட்டுகிறது, ஹார்னெஸை அசைத்தால் மாறுகிறது. சென்சார் கனெக்டரின் ரப்பர் சீல் ஒரு ஓரம் மடிந்திருக்கிறது, பின்னில் பச்சைக் களிம்பு. ஆனால் ஈசியூ கனெக்டரில் டிரைவர் ஏர்பேக் ஜோடியையும் பார்த்தேன், நேராக ஷார்ட் காட்டுகிறது. அதுவும் கோளாறா?

ஸ்கேன்_மேசை

அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே உள்ள ஸ்பிரிங் தகடு ஏர்பேக் ஜோடி ஒயரைத் தானாக இணைத்துவிடும். ஸ்டேடிக் மின்சாரமோ, தவறிப் பட்ட வோல்ட்டேஜோ ஏர்பேக்கை வெடிக்கச் செய்யாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதைத் தெரியாமல் ‘ஹார்னெஸ் ஷார்ட்’ என்று முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஜோடியைச் சோதிப்பதானால் மேனுவல் சொல்லும் பிளாஸ்டிக் பட்டையால் தகட்டைத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏர்பேக்கின் முனைகளில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக மீட்டர் வைக்காதீர்கள். 1.2 ஆம்பியர் வெறும் 2 மில்லி நொடி பாய்ந்தால் போதும், அது வெடித்துவிடும். அதன் ஓம் அளவை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பார்க்கலாம், பெரும்பாலும் 2 ஓம் பக்கம் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஏர்பேக்குக்குப் பதில் மேனுவல் சொல்லும் 2 ஓம் அளவு டம்மி லோடு (ஏர்பேக் இடத்தில் வைக்கும் ரெசிஸ்டர்) மாட்டி, கோடு மாறுகிறதா என்று பாருங்கள். டிரைவர் ஏர்பேக் கோடு வந்து, ஹார்னும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் கிளாக் ஸ்பிரிங்கை (ஸ்டீயரிங்கோடு சுற்றும் ஒயர்ச் சுருள்) சந்தேகிக்கலாம். உங்கள் காரில் அந்தக் கோடு வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுங்கள்.

ஆட்டோஎலக்ட்ரீஷியன்

4 கிலோ ஓம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. களிம்பைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து மாட்டினால் சில வாரத்தில் திரும்ப வரும். களிம்பு செம்புக் கம்பிக்குள்ளும் ஏறியிருக்கும். இன்சுலேஷனைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள், கம்பி கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும் இடம் வரைக்கும் வெட்டுங்கள். சீலோடு புதிய கனெக்டர் பிக்டெயில் (சிறு ஒயரோடு வரும் கனெக்டர்) போடுங்கள். ஆனால் ஏர்பேக் ஒயரில் இணைப்பே போடக் கூடாது, ஹார்னெஸைத்தான் மாற்ற வேண்டும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. உங்கள் மேனுவல் அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

இணைப்பு அனுமதி உண்டு என்றால் சால்டர் வேண்டாம், அதிர்வில் அதன் ஓரத்தில் ஒயர் ஒடியும். கிரிம்ப் ஸ்லீவ் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கால் மூடுங்கள். இரண்டு ஒயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளிப் போடுங்கள். முறுக்கு ஜோடியாக வந்திருந்தால் அதே முறுக்கைத் திரும்பக் கொடுங்கள், இரைச்சலைத் தடுப்பது அதுதான்.

சென்சாரைத் தரையில் போட்டிருந்தால் திரும்ப மாட்டாதீர்கள். தளர்ந்த போல்ட்டோடு சாவி போடவும் கூடாது. அம்புக்குறி எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். எல்லாக் கனெக்டர்களும் லாக் ஆன பிறகுதான் பேட்டரி. முதல் தடவை சாவி போடும்போது காருக்குள் யாரும் உட்கார வேண்டாம், கையை மட்டும் நீட்டித் திருப்புங்கள். பிறகு கோடை அழித்துவிட்டு, ஹார்னெஸை அசைத்தபடி சாவியை நாலைந்து முறை ஆன் ஆஃப் செய்யுங்கள். ஒயர் சரியான பிறகும் அதே சென்சாரின் கோடு மட்டும் மீண்டும் வந்தால், அப்போது சென்சாரை மாற்றலாம்.