'தி வயர்' பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

'தி வயர்' (2002–2008) என்ற அமெரிக்க டிவி தொடரின் நான்காவது சீசனில் இருக்கிறேன். பால்டிமோர் போலீஸ் வேலையை விட்டுக் கணக்கு வாத்தியாராக வந்த பிரெஸ், தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டப் பள்ளியில் நடக்கும் கூத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனில் குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதும் இதே வேலைதானே என்று புரிந்துகொள்ளும் இடம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. போதை வியாபாரம், துறைமுகத் தொழிலாளர்கள், நகர அரசியல், அப்புறம் பள்ளி என்று போகப் போகக் குற்றவாளி யார் என்ற கேள்வியே மாறிவிடுகிறது. (இரண்டாவது சீசனைத் தாண்டிவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்!)

சரி, விஷயம் இதுதான். புள்ளிவிவரத்துக்காக மேலிடம் கொடுக்கும் நெருக்கடி பால்டிமோரில் நிஜத்தில் எப்படி இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படிக்க ஏதாவது இருந்தால் லிங்க் போடுங்கள். ஐந்தாவது சீசன் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.