நேட்டிக் கொச்சிச்சுவட் ஏரி: எல்லாரும் வீசுற இடத்துல பாஸ் மீனுக்கு எந்தச் சின்னப் பிளாஸ்டிக் புழு?

கரைத்தூண்டில்:
மாசசூசெட்ஸ், கொச்சிச்சுவட் ஏரி. படகு இல்ல, கரையில இருந்துதான் வீசணும். சனி, ஞாயிறு ஆனா பத்தடிக்கு ஒரு ராடு நிக்குது. தண்ணி தெளிவு. போலராய்டு கண்ணாடி போட்டா லார்ஜ்மவுத் பாஸ் நிக்கிறது கண்ணுக்கே தெரியுது. புழு பின்னாடியே வருது, ஒரு முழம் தள்ளி நின்னு பாக்குது, திரும்பிப் போயிடுது.

இப்ப கையில இருக்கிறது: 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராடு, 2500 ரீல், 12 பவுண்டு இழுப்பு தாங்குற மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு), 3/16 அவுன்ஸ் ஜிக் ஹெட் (தலையில எடை வார்த்த முள்), 4 இஞ்ச் சுருள்வால் பிளாஸ்டிக் புழு. சின்ன சாஃப்ட் பிளாஸ்டிக் புழுவுக்கு மாறலாம்னு பாக்குறேன். கடையில ரகம் ரகமா தொங்குது. புழுவை முள்ளுல கட்டுற விதமும் நெட் ரிக், வாக்கி, டிராப் ஷாட்னு இருக்கு: எதுக்கு முதல்ல வாங்கணும்? என்ன நிறம்?

மெல்லியநரம்பு:
புழுவை அப்புறம் பார்க்கலாம் நண்பரே. முதல்ல நரம்பையும் எடையையும் மாத்துங்க. 12 பவுண்டு மோனோ சுமார் 0.33 மி.மீ. தடிமன். அதோட விறைப்பு சின்னப் புழுவை இழுத்துப் பிடிச்சு நிறுத்திடும். ரீல்ல இருந்து சுருள் சுருளா விழறதால மீன் தொட்டதும் கைக்குத் தெரியாது. 10 பவுண்டு பிரெய்ட் (பின்னின நரம்பு) ஏத்தி, முனையில 6 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (தண்ணியில அவ்வளவாத் தெரியாத முனை நரம்பு) 8 அடி கட்டுங்க. ரெண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சே போதும். முடிச்சை எச்சில் தொட்டு மெதுவா இறுக்கணும். காய்ஞ்சபடி இறுக்கினா ஃபுளோரோ சூடேறி அந்த இடத்துலயே அறுந்துடும்.

அடுத்தது எடை. ஏரிக்கு வர்ற எல்லாரும் 3/16, 1/4 போட்டு வேகமா இறக்கி வேகமா இழுக்குறாங்க. பிடிச்சு விட்ட மீன் அந்த வேகத்தைத்தான் சந்தேகப்படுது. 1/16 அவுன்ஸ் காளான் தலை ஜிக், 1 நம்பர் மெல்லிய கம்பி முள், 2.75 இஞ்ச் குச்சிப் புழு. இதுதான் நெட் ரிக். கான்சாஸ் பக்கம் நெட் கெடிங்கிற தூண்டில் எழுத்தாளர் எழுதி எழுதிப் பரப்பினது. காத்து அடிச்சா மட்டும் 1/10.

புழு எலாஸ்டெக்ங்கிற ரப்பர் மாதிரி நீளுற பொருள்ல செஞ்ச ரகமா இருக்கட்டும். அது மிதக்கும். ஜிக் தலை அடியில உக்காந்ததும் வால் மேல எழுந்து நிக்கும். நீங்க ஒண்ணுமே செய்யாம இருக்கும்போதும் அந்த வால் நுனி லேசா ஆடிக்கிட்டே இருக்கும், சேத்துல எதையோ கிளறுற குட்டி மீன் மாதிரி. உப்புச் சேர்த்த 5 இஞ்ச் புழுவைப் பாதியா வெட்டியும் போடலாம். மீன் கொத்தும், ஆனா அது எழுந்து நிக்காது, படுத்துக்கும்.

கோக்கும்போது முள்ளைப் புழுவுக்குப் பக்கத்துல வெச்சு, எங்க வெளிய வரணும்னு நகத்தால அடையாளம் போட்டுக்கிட்டுக் குத்துங்க. கோணலா ஏறினா இழுக்கும்போது பம்பரமாச் சுத்தி நரம்பை முறுக்கிடும். நிறத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். தெளிஞ்ச தண்ணிக்கு கிரீன் பம்ப்கின், கலங்கல்னா கறுப்பு-நீலம். அவ்வளவுதான்.

இன்னொண்ணு: எலாஸ்டெக்கை மத்த பிளாஸ்டிக் புழுவோட ஒரே டப்பாவுல போடாதீங்க. ரெண்டும் உருகி ஒட்டிக் கூழாயிடும். வந்த பையிலேயே இருக்கட்டும்.

பாசிக்காடு:
மேல சொன்னது சரளையும் மணலும் உள்ள அடித்தரைக்குச் சரி. ஆனா அந்த ஏரியில மில்ஃபாயில் பாசி இருக்கு. முள் வெளிய தெரியுற நெட் ரிக்கை ஜூலை மாசம் அதுக்குள்ள போட்டா ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கைப்பிடி பாசிதான் வரும். மீன் நிக்கிறதோ பாசியோட விளிம்புல. அங்க வாக்கி ரிக்தான் என் தேர்வு.

4 இஞ்ச் உப்புப் புழு, குண்டே வேண்டாம். நடுவுல புழுவோட தடிப்பைவிடக் கொஞ்சம் சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டி, அதுக்கடியில 1/0 வாக்கி முள்ளை விடுங்க, பாசிக் காப்புக் கம்பி வெச்சதா. ரிங் இல்லாம நேரா புழுவுல குத்தினா ரெண்டு மீனுக்குள்ள புழு கிழிஞ்சுடும். உப்பு கூடக் கூட புழு சீக்கிரம் கிழியும்.

வீசினதும் நரம்பைத் தளர்வா விடணும், இதுலதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க. இறுக்கிப் பிடிச்சா புழு உங்க பக்கமா ஊஞ்சல் மாதிரி வந்துடும். தளர்வா விட்டா நேரா இறங்கும், ரெண்டு நுனியும் படபடன்னு அடிச்சுக்கும். கொத்துறது பெரும்பாலும் இறங்கும்போதுதான். கையில தெரியாது, தண்ணிமேல கிடக்குற நரம்பைப் பாருங்க. பக்கவாட்டுல நகர்ந்தாலோ, இறங்குறது திடீர்னு நின்னாலோ, தளர்வைச் சுத்தி எடுத்து ராடை ஒரே வீச்சா ஓரமாச் சாய்ங்க. வெட்டி இழுக்காதீங்க, 6 பவுண்டு லீடர் தாங்காது. தாமதிச்சா புழுவைத் தொண்டைக்குள்ள கொண்டுபோயிடும். அப்படி ஆயிட்டா முள்ளைப் பிடுங்காம நரம்பை வாய்க்குப் பக்கத்துல வெட்டி விடுங்க.

பாசிக்கு நேரெதிரா நின்னு வீசாம, கரையோரமா நடந்து விளிம்புக்கு இணையா வீசினா புழு முழுத் தூரமும் மீன் இருக்குற இடத்துலயே போகும்.

ஏழாம்படி:
வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மாசசூசெட்ஸ்ல உள்நாட்டு நீர்நிலை எல்லாத்துலயும் 1 அவுன்ஸுக்குக் குறைவான ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் 2012 முதல் தடை. லூன் பறவைங்க அதை விழுங்கி ஈய நஞ்சுல சாகுதுங்க, அதுக்குத்தான். ஆன்லைன்ல வர்ற காளான் தலை நிறைய ஈயம்தான். பையில என்ன உலோகம்னு பாத்து வாங்குங்க. டங்ஸ்டன் விலை கூட. ஆனா ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், அதே எடைக்கு உருண்டை சின்னதா இருக்கும், கல்லுல தட்டுறது கையில தெளிவாத் தெரியும்.

கிழிஞ்ச புழுவைத் தண்ணியில எறியாதீங்க. மீன் விழுங்கினா வயித்துக்குள்ள ஊதிப்போய்க் கிடக்கும். சட்டைப்பையில ஒரு சின்னக் கவர் வெச்சுக்கிட்டாப் போதும்.

கரைத்தூண்டில்:
ரொம்ப நன்றி. கையில இருக்குற ஜிக் எல்லாம் ஈயம்தான், மாத்திடுறேன். டிராப் ஷாட் படகுக்கு மட்டும்தானா? கரையில இருந்து முடியாதா?

மெல்லியநரம்பு:
தாராளமா முடியும். 2 நம்பர் முள்ளைப் பலோமார் முடிச்சுல கட்டி, மிச்ச வாலை முள்ளோட கண்ணுல மேலிருந்து கீழே விடுங்க. அப்பத்தான் முள் முனை மேல பாத்து நிமிர்ந்து நிக்கும். நரம்போட அடி நுனியில 3/16 அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு. படகுல இருந்து நேர் கீழே இறக்குறவங்க முள்ளுக்கும் குண்டுக்கும் நடுவுல ஒரு அடி விட்டாலே போதும். கரையில இருந்து நரம்பு சாய்வாப் போறதால புழு தரையை ஒட்டி வந்துடும். அதனால ஒன்றரை முதல் 2 அடி விடுங்க.

4.5 இஞ்ச் நேர்வால் புழுவோட மூக்குல 3 மி.மீ. மட்டும் குத்துங்க. ஆட்டும்போது தளர்ந்த நரம்பை மட்டும் ஆட்டணும், குண்டு இருந்த இடத்திலேயே இருக்கணும். குண்டு நகர்ந்தா ரொம்ப ஆட்டுறீங்கன்னு அர்த்தம். பத்து எண்ணுற வரைக்கும் ஆட்டுங்க, அப்புறம் அதே அளவு சும்மா விடுங்க. பின்னாடியே வந்து பாத்துட்டுப் போற மீன் பெரும்பாலும் அந்தச் சும்மா விட்ட நேரத்துலதான் வாயை வைக்கும்.

பாசிக்குள்ள மட்டும் இது வேண்டாம். குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல பாசி சுத்திக்கும், அதுக்குப் பாசிக்காடு சொன்ன வாக்கியே சரி.