மின்சாரம் போனதில் பென் 10 சேவ் கெட்டுவிட்டது, மீட்க முடியுமா? (பிஎஸ்2)

ரங்கூன் அக்கா
வணக்கம். ரங்கூனில் அனவ்ரத்தா சாலைப் பக்கம் இருக்கிறோம். என் மகனும் மகளும் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) வீடியோ கேம் பெட்டியில் பென் 10: புரொடெக்டர் ஆஃப் எர்த் விளையாடுகிறார்கள். என் தம்பி விட்டுப்போன பழைய பெட்டி அது. ஆளுக்கொரு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு சேர்ந்தேதான் ஆடுவார்கள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஆட முடிவதால், கிராண்ட் கேன்யனில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவைத் தாண்டவே இரண்டு மாதம் ஆயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம், ஆடிய ஆட்டம் மெமரி கார்டில் சேவ் (பதிவு) ஆகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ராத்திரி தெருப் பிள்ளைகள் "மீ லாபி!" (மின்சாரம் வந்துவிட்டது) என்று கத்தியதும் ஓடிவந்து போட்டுப் பார்த்தால் பழைய ஆட்டத்தைக் காணோம். டிஸ்க் போடாமல் திறந்து பார்த்தேன். மெமரி கார்டில் பென் 10 படம் இருந்த இடத்தில் 'கரப்டட் டேட்டா' என்று ஒரு நீலக் கட்டம் நிற்கிறது. பக்கத்துக் கடையில் கேட்டதற்கு கார்டையே ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? மகள் அழக்கூட இல்லை. கன்ட்ரோலர் வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

பெகு அண்ணன்
தங்கச்சி, ஃபார்மட் மட்டும் செய்துவிடாதே. அந்தக் கார்டில் இருக்கும் மற்ற ஆட்டங்களும் சேர்ந்து போய்விடும். கெட்டது அந்த ஒரு சேவ் மட்டும்தான் என்று தெரிகிறது. கார்டே கெட்டிருந்தால் மற்ற படங்களும் தெரியாது.

முதலில் கார்டைக் கழற்றி, உலோகப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டாவது ஸ்லாட்டில் செருகிப் பார். அப்போதும் நீலக் கட்டமே வந்தால் அந்த சேவ் திரும்பாது. வேறு மாதிரிச் சொல்லி உனக்கு ஆசை காட்ட மனம் வரவில்லை. கார்டுக்குள் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. பழையதை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதை எழுதும். அழித்து முடித்து, எழுதி முடிக்காத அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

ரங்கூன் அக்கா
துடைத்து, இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன் அண்ணே. அதே கட்டம்தான். தம்பியின் கிரிக்கெட் ஆட்டம் மட்டும் நன்றாகத் திறக்கிறது.

மோல்மேன் தம்பி
அப்படியென்றால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. டிஸ்க் இல்லாமல் பெட்டியைப் போட்டு, பிரவுசரில் (கார்டில் இருப்பதைக் காட்டும் பெட்டியின் சொந்தத் திரை) அந்த நீலக் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுங்கள். கிரிக்கெட்டைத் தொடாதீர்கள்.

அப்புறம் இன்னொரு கார்டு வாங்குங்கள். சோனியின் சொந்தக் கார்டு 8 எம்பிதான். 64, 128 என்று போட்டு மலிவாக விற்பவற்றில் பல சீக்கிரமே சேவ் செய்ததை விழுங்கிவிடும். எனக்கே இரண்டு முறை அப்படி ஆனது. ஆடி முடித்ததும் அதே பிரவுசரில் பென் 10 படத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது கார்டுக்கு காப்பி செய்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும். நகல் எடுத்ததும் அந்தக் கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: திரும்ப ஆடும்போது இரண்டு மாதம் ஆகாது. இந்த ஆட்டத்தில் நேரத்தைத் தின்பதே எந்த இடத்துக்கு பென் எந்த வேற்றுக்கிரக உருவமாக மாற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான். கனமானதைத் தூக்க ஃபோர் ஆர்ம்ஸ், வேகமாக ஓட எக்ஸ்எல்ஆர்8, உருண்டு போக கேனன்போல்ட். அது அவர்கள் கையில் ஏற்கெனவே படிந்திருக்கும்.

பெகு அண்ணன்
தம்பி சொன்னது சரி. மின்சாரத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று நினைக்காதே. சாதாரண இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பிலேயே பெட்டி அணைந்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் (மின்சாரம் போனதும் பேட்டரியில் ஓட்டும் கருவி) ஒன்றைப் பெட்டிக்கு மட்டும் கொடு. டிவி அணைந்தால் பரவாயில்லை, பெட்டி உயிரோடு இருந்தால் எழுதி முடித்துவிடும். மின்சாரம் திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறலாம், அதனால் ஐந்து நிமிடம் கழித்து பிளக்கைச் செருகு.

ரங்கூன் அக்கா
நீலக் கட்டத்தை அழித்துவிட்டேன், கிரிக்கெட் பத்திரம். காளி கோயில் பக்கம் ஒரு கடையில் பழைய 8 எம்பி கார்டு கிடைத்தது. என் கணவர் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த யுபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி வந்தார்.

நேற்று மகள்தான் முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஒரே சாயங்காலத்தில் ஹூவர் அணை வரை வந்துவிட்டார்கள். அண்ணன் தப்பான உருவத்தை எடுத்தால் "அது இல்லை, அது இல்லை" என்று அவள் முன்கூட்டியே சொல்கிறாள். சேவ் செய்து, இரண்டாவது கார்டிலும் நகல் எடுத்து, அதை அரிசிப் பானைக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மின்சாரம் போனதும் அந்த யுபிஎஸ் விடாமல் கீச் கீச் என்று கத்துகிறது. பழுதா?

மோல்மேன் தம்பி
பழுது இல்லை அக்கா, பேட்டரியில் ஓடுகிறேன் என்று சொல்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைப் பெட்டியை முறையாக அணைக்கச் சொல்லுங்கள். சேவ் ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்த பிறகு. கார்டில் ஈரமோ நீராவியோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.