41 டிகிரி காட்டிய கிளாம்ப் ஒன்பதாம் நாள் உருகிவிட்டது: கேமரா கோளாறா, நான் பார்த்த விதமா?

புது ஏ.இ.

வணக்கம். 110/11 கே.வி. துணை மின்நிலையம் ஒன்றில் எட்டு மாதமாக உதவிப் பொறியாளராக இருக்கிறேன். 16 எம்.வி.ஏ. மின்மாற்றி ஒன்று, ஆறு ஃபீடர்கள் (வெளியே போகும் 11 கே.வி. லைன்கள்). மேலிடத்திலிருந்து ஒரு தெர்மல் கேமராவை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பொத்தானை அழுத்தினால் படம் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு யார்டு முழுக்கப் பார்த்தேன். 110 கே.வி. ஐசோலேட்டரில் (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸ் 72 டிகிரி காட்டியது. பயந்துபோய் அடுத்த வாரமே எல்.சி. (சப்ளையை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி அவிழ்த்துப் பார்த்தோம். கான்டாக்ட் பளபளவென்று இருந்தது. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. ஒரு கருப்புப் புள்ளிகூட இல்லை. நாலு மணி நேரம் சப்ளை நிறுத்தியதற்கு நான் வாங்கிய பேச்சு இங்கே எழுதும்படி இல்லை.

அதே ஞாயிறு மின்மாற்றியின் 11 கே.வி. பக்கம் கம்பியைப் பிடித்திருக்கும் ஒய் ஃபேஸ் கிளாம்ப் 41, மற்ற இரண்டும் 38 காட்டின. மூன்று டிகிரிதானே என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் இரவு எட்டேகால் மணிக்கு அந்தக் கிளாம்ப் உருகி, ஜம்பர் (இணைப்புக் கம்பி) கழன்று தொங்கி, மின்மாற்றி டிரிப் ஆனது.

நல்லதைக் கெட்டது என்கிறது, கெட்டதை நல்லது என்கிறது. கேமரா பழுதா?

பழைய ஃபோர்மேன்

தம்பி, கேமராவை விடுங்கள். ஞாயிறு மதியம் எத்தனை ஆம்பியர் ஓடியது? கிளாம்ப் உருகிய இரவு எத்தனை? லாக் புக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேமராக் கண்

எமிசிவிட்டி, அதாவது பொருள் தன் சூட்டை எவ்வளவு கதிராக விடும் என்கிற எண், என்ன வைத்திருந்தீர்கள்? கேமராவின் பிக்சல் எத்தனை, எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், கிளாம்ப் புதியதா பழையதா என்பதையும் சொல்லுங்கள். இந்த வேலையைப் பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் செய்கிறேன். கேமரா பழுது என்று வந்த புகார்களில் கேமரா நிஜமாகப் பழுதாக இருந்தது ஒன்றோ இரண்டோதான்.

புது ஏ.இ.

லாக் புக் பார்த்தேன் ஐயா. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு 11 கே.வி. பக்கம் 190 ஆம்பியர். ஆலைகளுக்கெல்லாம் விடுமுறை. டிரிப் ஆன இரவு 520.

எமிசிவிட்டி கேமராவில் இருந்தபடியே 0.95. பிக்சல் 160க்கு 120, லென்ஸ் 25 டிகிரி. கிளாம்புக்கு ஏழு மீட்டர் இருக்கும். போன மராமத்தில் போட்ட அலுமினியக் கிளாம்ப், இன்னும் பளபளப்பு போகவில்லை.

பழைய ஃபோர்மேன்

உங்கள் மின்மாற்றியின் முழு லோடு 840 ஆம்பியர். 190 என்றால் நூற்றுக்கு 23 பங்கு. குறைந்தது 40 பங்காவது ஓடும்போதுதான் இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கத் தரநூலான என்.எஃப்.பி.ஏ. 70பி சொல்வது. அதாவது 336 ஆம்பியராவது வேண்டும். நீங்கள் கடை திறக்காத நேரத்தில் கல்லாவை எண்ணியிருக்கிறீர்கள்.

இணைப்பில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். திறந்தவெளியில் காற்று கொஞ்சம் கொண்டுபோய்விடுவதால் வெப்ப உயர்வு, வர்க்கத்தின் 2-க்குப் பதிலாக, ஆம்பியரின் 1.6 அடுக்கில் ஏறும் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். 190-லிருந்து 520 ஆனால் சுமார் ஐந்து மடங்கு. மதியம் உண்மையில் மூன்று டிகிரி என்றாலே இரவில் பதினைந்து.

கேமராக் கண்

அந்த மூன்றும் மூன்று இல்லை ஐயா, அதைத்தான் சொல்ல வந்தேன்.

தெர்மல் கேமரா சூட்டை அளப்பதில்லை. பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதிலிருந்து சூட்டைக் கணக்குப் போடுகிறது. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவதில் மகா கஞ்சன். எதிரே இருப்பதைக் கண்ணாடிபோலக் காட்டிவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெளிப்பக்கம் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு அடுப்பை அணைத்துக் கேமராவில் பாருங்கள். டேப் 90-க்கு மேல் காட்டும். அதை ஒட்டிய எவர்சில்வர் 40, 45 காட்டும். அதில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். கையை வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் சுடும், வைக்காதீர்கள்.

புது அலுமினியக் கிளாம்பின் எமிசிவிட்டியை 0.2 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 0.95 வைத்துப் பார்த்தால், கிளாம்புகளுக்கு நடுவே நிஜத்தில் 13 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் திரையில் மூன்றுதான் வரும். அந்தப் பதின்மூன்றை ஃபோர்மேன் ஐயா சொன்ன ஐந்து மடங்கால் பெருக்குங்கள். இரவு 520 ஆம்பியரில் ஒய் ஃபேஸ் மற்ற இரண்டையும்விட 65, 70 டிகிரி அதிகம். அதன் மேல் வெளிக்காற்றின் 32 இருக்கிறது. அலுமினியக் கம்பி நூறைத் தாண்டிப் பல நாள் கிடந்தால் இளகி வலுவிழக்கும். ஒன்பது நாள் தாங்கியதே பெரிது.

ஐசோலேட்டரின் 72 சூரியன். படத்தை மறுபடி பாருங்கள், அந்த வெள்ளைப் புள்ளியின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். நிஜச் சூட்டுக்கு ஓர் ஊற்றுக்கண் உண்டு. அங்கிருந்து கம்பி வழியே மெல்ல மெல்லத் தணிந்துகொண்டே போகும். சந்தேகம் வந்தால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். எதிரொளி என்றால் புள்ளி உங்களோடு நகரும், இல்லை மறைந்துவிடும். நிஜச் சூடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆலை வயர்மேன்

அப்படியென்றால் எமிசிவிட்டியை 0.2 என்று மாற்றிவிட்டால் சரியான டிகிரி வந்துவிடுமே?

கேமராக் கண்

வராது. 0.2 என்பது நான் கணக்குக்காகச் சொன்னது. நிஜத்தில் 0.15 ஆக இருக்கலாம், 0.25 ஆகவும் இருக்கலாம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே விடை இருபது முப்பது டிகிரி தாவும். அதோடு அது எதைப் பிரதிபலிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மேகமில்லாத வானம் கேமராவுக்குப் பூஜ்ஜியத்துக்கும் கீழே தெரியும்.

நான் பளபளப்பான இடத்தைப் பார்ப்பதே இல்லை. கிளாம்புக்குள் கம்பி நுழையும் இடுக்கு, போல்ட் தலைக்குப் பக்கத்துப் பள்ளம், காலம் போய்க் கருத்த பழைய கம்பி, இவற்றைப் பார்க்கிறேன். இடுக்கில் கதிர் உள்ளுக்குள்ளேயே மோதி மோதி வெளியே வருவதால் உண்மைக்குப் பக்கத்தில் காட்டும். பீங்கானும் நம்பலாம், 0.9 வரும்.

தூரத்தையும் மறக்காதீர்கள். உங்கள் கேமராவில் ஏழு மீட்டரில் ஒரு பிக்சல் 19 மி.மீ. மூன்று பிக்சலாவது நிரம்பினால்தான் எண்ணை நம்பலாம், அது 57 மி.மீ. மூஸ் என்ற ரகக் கம்பியின் விட்டமே 32 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கம்பியைக் குறிபார்த்தால் பாதி வானத்தையும் சேர்த்துச் சராசரி போட்டுத் தரும். அதற்காகக் கம்பிக்குப் பக்கத்தில் போய்விடாதீர்கள். பாதுகாப்பு இடைவெளி முதலில், பிக்சல் அப்புறம். டெலி லென்ஸ் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபோர்மேன்

இருட்டிய பிறகு ஏழரை மணிக்குப் போங்கள் தம்பி. வெயில் இல்லை, லோடு உச்சத்தில் இருக்கும். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் வேண்டாம். காற்று நொடிக்கு ஐந்து மீட்டர் அடித்தால் நாற்பது டிகிரி உயர்வு இருபதாகத் தெரியும். நல்லாயிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு வருவீர்கள், காற்று நின்ற இரவு அது போய்விடும்.

1965-ல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்த முதல் தெர்மல் கேமராவே மின்பாதையைப் பார்க்கத்தான் செய்தார்கள். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைவார்களாம். நம்மிடம் உள்ளங்கையில் இருக்கிறது, நேரம் பார்த்துப் போகத்தான் ஆள் இல்லை.

புது ஏ.இ.

நேற்று இரவு ஏழு நாற்பதுக்குப் போனேன். காற்று இல்லை. லோடு 510.

மின்மாற்றியின் 11 கே.வி. புஷிங்கில் (கம்பி வெளியே வரும் பீங்கான் குழல்) பி ஃபேஸ் கிளாம்ப், கம்பி நுழையும் இடுக்கில் 88. ஆர் 47. புதிதாக மாற்றிய ஒய் 44. தள்ளி நின்றும் பார்த்தேன், 88 நகரவில்லை. கம்பி வழியே அரை மீட்டருக்குச் சாயம் கரைவதுபோலத் தணிந்து போகிறது. முதல்முறையாக நிஜச் சூடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. 110 கே.வி. எல்.ஏ. (மின்னல் தடுப்பான்) மூன்றில் ஒய் ஃபேஸின் மேல் பாதி 34, மற்ற இரண்டும் 31. இதை விட்டுவிடலாமா?

ரிலே அக்கா

விடக் கூடாது தம்பி! அந்த 88-ஐவிட எனக்கு இதுதான் பயம்.

கிளாம்பில் சூடு வருவது லோடு ஓடுவதால். எல்.ஏ.யில் லோடே ஓடுவதில்லை. நல்ல நிலையில் அதன் வழியே போவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி கெப்பாசிட்டிவ், சூடாக்கும் ரெசிஸ்டிவ் பங்கு மைக்ரோ ஆம்பியரில்தான் இருக்கும். அந்தத் துளி மின்னோட்டத்தில் மூன்று டிகிரி ஏறியிருக்கிறது என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்க வேண்டும், அல்லது துத்தநாக ஆக்சைடு வில்லைகள் கெட்டிருக்க வேண்டும். அது பீங்கான் வேறு, கேமரா சொல்வதை நம்பலாம். ஒரே லோடில் இருக்கும் ஒரே மாதிரி உறுப்புகளை ஒப்பிட்டு 1 முதல் 3 டிகிரி என்றால் குறை இருக்கலாம், 15-க்கு மேல் போனால் உடனே பார் என்று அமெரிக்க மின் சோதனைச் சங்கமான நீட்டாவின் அட்டவணையில் இருக்கிறது. அதை எல்.ஏ.க்கு மாட்டிப் பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்.ஏ. எத்தனை முறை இயங்கியது என்று எண்ணும் கவுன்டரோடு இருக்கும் லீக்கேஜ் மீட்டரை முதலில் தூரத்திலிருந்து படியுங்கள். டெஸ்டிங் பிரிவிடம் சொல்லி அந்த ரெசிஸ்டிவ் பங்கை அளக்கும் மூன்றாம் ஹார்மோனிக் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதுவரை அந்த எல்.ஏ.யின் அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள். பீங்கான் எல்.ஏ. வெடித்தால் சில்லு யார்டு முழுக்கப் பறக்கும்.

ஆலை வயர்மேன்

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் பிரேக்கர் பேனலில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் எல்லாமே 33 டிகிரி காட்டுகிறது. நல்லதுதானே?

கேமராக் கண்

நீங்கள் பார்த்தது கண்ணாடியின் சூடு. இந்தக் கேமராக்கள் பார்க்கும் கதிர் சாதாரணக் கண்ணாடிக்குள் நுழையாது, அக்ரிலிக்கிலும் அப்படித்தான். அதற்கென்று கால்சியம் ஃபுளோரைடு போன்ற பொருளில் ஜன்னல் விற்கிறார்கள். சப்ளை இருக்கும்போது கதவைத் திறந்து பார்க்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். ஒரே லோடு ஓடும் பேனல்களின் கதவுகளை வெளியிலிருந்து ஒப்பிடுங்கள். ஒரு கதவு மூன்று நான்கு டிகிரி கூட இருந்தாலே உள்ளே நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு ஷட்டவுன் கேளுங்கள்.

ஏ.இ. சார், உங்கள் ஒய் ஃபேஸின் 44-ஐ நான் நம்பவில்லை. அது புது கிளாம்ப். எல்.சி. வாங்கும்போது மூன்று கிளாம்பிலும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மங்கலான கருப்புப் பெயின்ட் வையுங்கள், பளபளப்பான பெயின்ட் வேண்டாம். இனி வருடம் முழுக்க அந்தப் பொட்டைப் பார்த்தால் போதும்.

பழைய ஃபோர்மேன்

பி ஃபேஸை அவிழ்ப்பதற்கு முன்னால் மைக்ரோ ஓம் மீட்டரில் மூன்றையும் அளந்து எழுதுங்கள், அவிழ்த்த பிறகு அழுதால் வராது. புஷிங்கின் தண்டு செம்பு, கிளாம்ப் அலுமினியம். நடுவில் பைமெட்டல் தகடு (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம்) இருக்கிறதா பாருங்கள். ஆட்கள் ஸ்பேனரில் பைப்பை மாட்டித் தொங்குவார்கள், விடாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியம் நசுங்கி, ஆறினதும் இன்னும் லூசாகிவிடும். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச்தான். வாசலின் தடவுகிற பழக்கத்தையும் விடுங்கள், அறுபது டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். கான்டாக்ட் கிரீஸ் கேளுங்கள்.

புது ஏ.இ.

முடித்துவிட்டோம், விவரமாகவே எழுதுகிறேன்.

எல்.சி. கிடைக்கும்வரை இரண்டு ஃபீடரைப் பக்கத்து நிலையத்துக்கு மாற்றி லோடைக் குறைத்து வைத்தோம். வியாழன் காலை எல்.சி. வாங்கி, எர்த் ராடு போட்டு, முதலில் அளந்தோம். ஆர் 12 மைக்ரோ ஓம், ஒய் 15, பி 180. இரவு ஓடிய 510 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் அந்த ஒரு கிளாம்பில் மட்டும் சுமார் 47 வாட். ஆர்-இல் மூன்று வாட். கையகல உலோகத்துக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவிழ்த்தால் நாலு போல்ட்டில் இரண்டுக்கு ஸ்பிரிங் வாஷர் இல்லை. பைமெட்டல் தகடும் இல்லை, செம்பின் மேல் நேராக அலுமினியம். அலுமினியப் பக்கம் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி பூத்து, விரலில் தொட்டால் ஒட்டியது. உண்மையாகப் பொருந்தியிருந்த இடம் கட்டைவிரல் நகம் அளவுதான், மற்றதெல்லாம் குழிகுழியாக அரித்திருந்தது. அதே ஆள்தான் ஒய் ஃபேஸையும் மாட்டியிருப்பார் என்று ஆபரேட்டர் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை.

தகடு வைத்து, கிரீஸ் போட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கிய பிறகு பி 14 மைக்ரோ ஓம். மூன்றிலும் கருப்புப் பொட்டு வைத்தாயிற்று.

எல்.ஏ. விஷயத்தில் அக்கா சொன்னதே சரி. டெஸ்டிங் பிரிவு வந்து பார்த்தது. ஒய் ஃபேஸின் ரெசிஸ்டிவ் மின்னோட்டம் மற்ற இரண்டைப்போல நாலு மடங்கு. சனிக்கிழமை மாற்றிவிட்டார்கள்.

ரிலே அக்கா

நல்லது தம்பி. கழற்றின எல்.ஏ.யை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பும்போது கெட்டது என்று பெரிதாக எழுதிக் கட்டுங்கள். திரும்பி வேறு யார்டுக்கு வந்துவிடப் போகிறது.

பழைய ஃபோர்மேன்

பொட்டு வைத்த பிறகு இரவில் பார்த்தீர்களா? அப்புறம் அந்த 72 டிகிரி ஐசோலேட்டர் என்ன ஆயிற்று?

புது ஏ.இ.

நேற்று இரவு, லோடு 515. பொட்டில் ஆர் 48, ஒய் 49, பி 47. ஐசோலேட்டரில் மூன்று ஃபேஸும் 31, ஐயா.