மாங்காய் மண்டிக்குச் சேணக் கூரை: காற்று விசைக்கு சிஎஃப்டி (கணினியில காற்றோட்டத்தைக் கணக்கிடறது) மட்டும் போதுமா?

கம்பிக்கணக்கு: கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையை ஒட்டி, 9 மீட்டர் உயரத்தில் குதிரைச்சேண வடிவத் தகட்டுக் கூரைன்னு வைங்க. நாலு பக்கமும் திறப்பு. காற்று விசைக்கான இந்திய கோட் ஐஎஸ் 875 பகுதி 3 (2015), இப்படித் திறந்த கூரையில ஒருசாய்வு, இருசாய்வு, பள்ளக் கூரைக்குத்தான் காற்றழுத்தக் கெழு தருது. இந்த வளைவுக்கு இல்லை. ஓப்பன்ஃபோம்ங்கற சிஎஃப்டி மென்பொருள்ல கே-எப்சிலான் கொந்தளிப்பு மாடல் ஓட்டினா போதும்ங்கறேன். கணக்கிடற வெளியான டொமைன்ல, கூரைக்கு முன்னாடி காற்று நுழையற இன்லெட் வரை 5எச், பின்னாடி வெளியேறற அவுட்லெட் வரை 15எச் (எச்னா உயரம்), அதாவது 45, 135 மீட்டர். கூரை அந்த டொமைனோட குறுக்குவெட்டை மறைக்கிறது 3 சதவீதத்துக்குள்ள. சின்ன மாடலை வெச்சுக் காற்றடிச்சு அளக்கற விண்ட் டனல் எதுக்கு?

பாறைமேடு: எச் 9னு எடுத்ததே தப்புங்க. மலையை டொமைனுக்குள்ள வெச்சா அங்க உயரமானது மலைதான், தூரமெல்லாம் அதுல இருந்து வரணும். மலையை விட்டா, கோட்ல நிலமேட்டுக்கான வேகப் பெருக்கி கே3 பார்க்கணும். வெச்சா அதைத் திரும்பப் பெருக்கக்கூடாது. அப்புறம் கே-எப்சிலான் காற்று மோதுற விளிம்புல கொந்தளிப்பை அளவுக்கு மீறிக் காட்டும். ஓட்டம் பிரியறது சின்னதாயிடும், மூலையில உறிஞ்சல் குறைஞ்சு வரும். தகடு பிய்யறது அந்த மூலையிலதான்.

கம்பிக்கணக்கு: கே-ஒமேகா எஸ்எஸ்டிங்கற வேற கொந்தளிப்பு மாடல் போட்டு, விளிம்புல மெஷ்ஷை (கணக்குக் கட்டங்களை) நுணுக்கினா?

பாறைமேடு: பிழை குறையும், தீராது. இந்த ரெண்டு மாடலும் ரேன்ஸ் வகை, அது தர்றது சராசரி அழுத்தம். தகட்டைப் பிடிக்கிற திருகுக்கு வேண்டியது உச்சம். கோட்ல இருக்கிற வேகம் 3 விநாடி வீச்சு (கஸ்ட்). டெரெய்ன் வகை 2 (தடை குறைஞ்ச திறந்தவெளி), 10 மீட்டர் உயரத்துல மணிச் சராசரி அதுல 0.67 பங்கு. அழுத்தம் வேகத்தோட வர்க்கம், அதனால 0.45. சராசரியை இன்லெட்ல கொடுத்துட்டு சராசரியை உச்சமாக்கற வீச்சுக் காரணியை மறந்தா, விசை பாதிகூட வராது. 1965ல இங்கிலாந்து ஃபெர்ரிபிரிட்ஜ்ல 8 குளிர்விப்புக் கோபுரத்துல 3 விழுந்ததுக்குச் சராசரி வேகத்தை நம்பினதும் ஒரு காரணம்.

தென்பெண்ணைக்கரை: சீசன்ல அடியில மாங்காய் கிரேட் (பெட்டி) அடுக்குவாங்களே, அதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. காற்று வெளியே போற பக்கம் அடைச்சா அது உள்ளே தேங்கிக் கூரையைக் கீழிருந்து தூக்கும். கோட்லயே அடைப்புக்குத் தனிக் கெழு இருக்கு. காலி, அடைப்பு ரெண்டையும் 15 டிகிரிக்கு ஒண்ணா 24 திசையில ஓட்டணும். அதுக்கும் முன்னாடி கூரையே இல்லாத வெற்று டொமைன்: இன்லெட்ல கொடுத்த ப்ரொஃபைல் (உயரத்துக்கேத்த காற்று வேகம்), கூரை வரப்போற இடத்துல அப்படியே இருக்கான்னு பாருங்க. தரைச் சொரசொரப்பு ஒத்துப்போகாட்டி அது வழியிலேயே மாறிடும்.

கம்பிக்கணக்கு: அடைப்பை ஒத்துக்கறேன். அப்ப ரேன்ஸ்ல 48 ஓட்டம், அதுல மோசமான 3 திசைக்கு மட்டும், நேரத்தோட மாறற பெரிய சுழல்களையே கணக்கிடற எல்இஎஸ். இதுக்கும் டனல் தேவையில்லைங்கறேன்.

பாறைமேடு: அந்த எல்இஎஸ்ஸை முதல்ல அளவீடு இருக்கிற இங்கிலாந்து சில்சோவுல திறந்தவெளியில கட்டின 6 மீட்டர் கனசதுரத்துல ஓட்டி, கூரை அழுத்தம் ஒத்துவருதான்னு காட்டுங்க. ஒத்துவராட்டி சென்னை தரமணி எஸ்இஆர்சி (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்) டனலுக்கு மாடல் போகட்டும். அதுவரைக்கும் ஓரத் திருகு இடைவெளியை உங்க சிஎஃப்டி வண்ணப்படத்தை வெச்சு நான் கூட்டமாட்டேன்.